நாற்காலி வாங்கும் முன் அதில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதி, தனக்குப் பிடித்த உணவகக் கூடங்களின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து உணவகம் தொடங்கப் போகிறார். சாப்பாட்டுக் கூடம் 90 சதுர மீட்டர். அதை ஒட்டி 6 மீட்டர் நீளத்துக்கு பார் கவுன்டர். கூடத்தில் 80 பேர், கவுன்டரில் 12 பேர் என்பது அவர்கள் போட்டிருக்கும் கணக்கு. எல்லா மேசையும் நான்கு பேர் மேசைதான். அக்காவுக்குப் பிடித்தது வளைந்த சோபா, வெல்வெட், பூக்கிளே எனப்படும் சுருள் நூல் துணி, மார்பிள் மேசை. தம்பிக்குக் கருப்பு இரும்புச் சட்டமும் உயர ஸ்டூலும். "வசதியாக உட்கார வைத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், நாற்காலி கொஞ்சம் கடினமாகவே இருக்கட்டும்" என்கிறாராம் தம்பி. வீட்டு ஃபர்னிச்சர் கடை ஒன்றில் 5 வருட வாரன்டியோடு நாற்காலி கிடைக்கிறது. இன்னொரு சப்ளையர், புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் நாற்காலிகளை "அதே மாடல், பாதி விலை" என்று சொல்லி, முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள்: இப்போது எது ட்ரெண்ட்? இரண்டு வருடத்தில் பழசாகத் தெரியாமல் இருக்க எதை வாங்குவது?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய படங்கள் அத்தனையும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆள் இல்லை. நாற்காலி முதுகில் தொங்கும் பை இல்லை; இரண்டு மேசைகளுக்கு நடுவே தட்டோடு பக்கவாட்டில் நகரும் பணியாளர் இல்லை; குழந்தை நாற்காலி இல்லை. கூடத்தில் ஒருவரும் சாப்பிட்டுப் பார்க்காத நாளில் எடுத்த படங்கள் அவை. நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் அவற்றைத் தாராளமாகப் பாருங்கள். அளவுக்கும் உழைப்புக்கும் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

என் தொழிலில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்றுதான். சட்டம், உயரம், இடைவெளி, மூட்டு இவையெல்லாம் பத்து வருடத்துக்கு வாங்குவது. துணி, மெத்தை உறை, நிறம், மேசைப் பலகை இவற்றை மூன்று நான்கு வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ட்ரெண்ட் என்பதை இந்த இரண்டாவது வகையில் வையுங்கள். முதல் வகையை மனித உடம்பைப் பார்த்து வாங்குங்கள். முட்டியும் இடுப்பும் எந்த வருடமும் ஒரே மாதிரிதான் மடங்குகின்றன.

இப்போது எது ஓடுகிறது

தம்பிக்குப் பிடித்த அந்தத் தொழிற்சாலைத் தோற்றம் 2010களில் உலகம் முழுக்கப் பரவியது. வெறும் பல்பு, செங்கல் சுவர், இரும்புச் சட்டம். அதன் முகமாகிப்போன தோலிக்ஸ் 'ஏ' நாற்காலியை பிரான்ஸில் சாவியே போஷார் வடிவமைத்தது 1934இல். துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய தகடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வெளியில் போடலாம். அது நல்ல நாற்காலி. ஒரே கூடத்தில் அதையே எண்பது போட்டபோதுதான் சத்தமும் சலிப்பும் சேர்ந்தே வந்தன.

அதற்கு எதிர்த்திசையில்தான் இப்போது காற்று அடிக்கிறது. கூர்மையான மூலைகளுக்குப் பதில் வளைவுகள். சுவரை ஒட்டி நீளமான மெத்தை பெஞ்ச். மண் நிறம், ஆழ்ந்த பச்சை, துரு நிறம். பிரம்புப் பின்னல், சிமென்டில் கல் துணுக்குகள் பதித்த டெர்ராசோ, தொட்டால் இழை தெரியும் துணி. ஒரே கூடத்தில் மூன்று நான்கு வகை இருக்கை: சுவரோரம் பெஞ்ச், நடுவில் நாற்காலி, ஜன்னலோரம் தனியாக வருபவருக்குக் கவுன்டர், ஓர் ஓரத்தில் தாழ்வான சோபா. பெஞ்சுக்கடியில் சார்ஜர் பிளக் வைப்பது சாதாரணமாகிவிட்டது. உள்ளேயும் வெளியேயும் மாற்றிப் போடக்கூடிய நாற்காலிக்கு மவுசு கூடியிருக்கிறது. மறுசுழற்சிப் பொருளிலும் கனமான முயற்சிகள் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்காக 1944இல் அலுமினியத்தில் செய்த நேவி நாற்காலியை, 2010இல் எமேகோ நிறுவனம் பழைய பெட் பாட்டில்களிலிருந்தும் வார்த்தது. ஒரு நாற்காலிக்குக் குறைந்தது 111 பாட்டில்.

இவற்றில் எது நிலைக்கும்? பல வகை இருக்கைகளைக் கலந்து போடுவது நிலைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது அலங்காரத்துக்காக வந்ததல்ல. தனியாக வருபவர், ஜோடியாக வருபவர், குடும்பமாக வருபவர் என்று எல்லோருக்கும் ஒரே நாற்காலி சரிப்படாது என்ற உண்மையிலிருந்து வந்தது. பூக்கிளே துணி சீக்கிரம் போய்விடும். பிரம்பு போகும், வரும், எப்போதும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

பிரம்பைப் பற்றிச் சொல்லும்போது மைக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1859இல் வந்தது. நீராவியில் வளைத்த பீச் மரத் துண்டுகள் 6, திருகாணி 10, நட்டு 2. அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். பிரித்துப் பெட்டியில் போட்டால் ஒரு கன மீட்டருக்குள் 36 நாற்காலி அடங்கும். உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல் இருப்பதால், சிந்திய பானம் தேங்காமல் கீழே வடிந்துவிடும். காப்பிக் கடைகளை மனதில் வைத்துச் செய்த நாற்காலி அது. 160 வருடம் தாண்டியும் புதுப்புது உணவகங்களில் போடுகிறார்கள். இலேசு, கழற்றலாம், ஒரு பாகம் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பழசாகத் தெரியாத நாற்காலி எது என்று கேட்டீர்களே, எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

80 பேர் என்ற கணக்கு

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. சாதாரண உணவகத்தில் ஓர் இருக்கைக்கு, நடைபாதை உட்பட, 1.1 முதல் 1.4 சதுர மீட்டர் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. நிதானமாகச் சாப்பிடும் உயர்தர உணவகம் என்றால் 1.7க்கு மேல். 90 சதுர மீட்டரில் 80 பேர் என்றால் ஆளுக்கு 1.12. அடிமட்ட அளவு. நேரான மேசைகளை நெருக்கி அடுக்கினால் எப்படியோ நுழைக்கலாம். வளைந்த சோபாவோடு முடியவே முடியாது. வளைவின் முதுகுப் பக்கம் வீணாகும் மூலையும், அதன் முன் வட்ட மேசை கேட்கும் இடமும் இரண்டு மூன்று மேசைகளை விழுங்கிவிடும். 64 பேர் என்று திட்டமிடுங்கள். வளைந்த பெஞ்ச் ஆசையை ஒரே ஒரு மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மூலைக்கு.

பதினாறு இருக்கை போகிறதே என்று மனசு பதறும். புரிகிறது. ஆனால் நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மற்ற இரண்டு நாற்காலியும் வாடகை கொடுக்காமல் நிற்கின்றன. பெரும்பாலான உணவகங்களுக்கு இரண்டு பேராக வருபவர்கள்தான் அதிகம். ஆகவே 60க்கு 75 செ.மீ. அளவில் இருவர் மேசைகளை அதிகமாகப் போடுங்கள். 75 செ.மீ. பக்கங்களைச் சேர்த்து வைத்தால் 120க்கு 75 செ.மீ. மேசை கிடைக்கும், நான்கு பேருக்குப் போதும். எல்லா மேசையும் ஒரே உயரம், ஒரே தடிமன் இருந்தால்தான் சேர்க்கும்போது நடுவில் படி விழாது. நான்கு பேர் மேசை நாலைந்து இருந்தால் போதும். 64 இருக்கையும் நிறைவது, 80இல் பாதி காலியாகக் கிடப்பதைவிட வருமானத்திலும் நல்லது, சமையலறைக்கும் நல்லது.

மேசையின் உயரம் 73 முதல் 76 செ.மீ., நாற்காலியின் உட்காரும் உயரம் 43 முதல் 46. இரண்டுக்கும் நடுவே 28 முதல் 30 செ.மீ. இருக்க வேண்டும். மெத்தை இருக்கையென்றால் ஆள் உட்கார்ந்தபின் அமுங்கிய உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. இறங்கும். ஒருவருக்கு மேசை விளிம்பில் 60 செ.மீ. வேண்டும். முக்கிய நடைபாதை 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அதுவும் நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, கையில் தட்டோடு ஒருவரை நடக்கவிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் பிடிபடாதது அந்த நடையில் பிடிபடும்.

கடினமான நாற்காலி பற்றித் தம்பிக்கு

தம்பி சொல்வதில் பாதி உண்மை உண்டு. துரித உணவுக் கடைகளில் மெத்தையில்லாத இருக்கையைப் போடுவார்கள்; ஆள் சீக்கிரம் எழுவார். ஆனால் அங்கே வந்தவர் நின்றபடியே பணம் கட்டிவிட்டார். உங்கள் உணவகத்தில் உட்கார்ந்த பிறகுதானே ஆர்டர் கொடுக்கிறார்? முதுகு வலித்தவர் இரண்டாவது பானமும் கேட்க மாட்டார், கடைசி இனிப்பும் கேட்க மாட்டார். அதுவும் அந்த நாற்காலி யாரை முதலில் விரட்டும்? வயதானவர்களை, கர்ப்பிணிகளை, முதுகுவலிக்காரர்களை. அவர்கள் வரவில்லையென்றால் அவர்களோடு வரும் குடும்பமும் வராது. மேசை சீக்கிரம் காலியாக வேண்டுமென்றால் பில்லைச் சீக்கிரம் கொடுங்கள், தட்டைச் சீக்கிரம் எடுங்கள். அந்த வேலையை நாற்காலியிடம் கொடுக்காதீர்கள்.

சத்தம் இன்னொரு காரணம். இரும்பு நாற்காலி, கல் தரை, கண்ணாடிச் சுவர் என்று எல்லாமே கடினமாக இருந்தால் ஒலி எதிலும் அடங்காமல் திரும்பித் திரும்பி வரும். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே சொன்னார். ஒரு மேசை கத்தினால் அடுத்த மேசை அதற்கு மேல் கத்தும். மெத்தை வைத்த பெஞ்ச் முதுகும், மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டிய ஒலி உறிஞ்சும் ஃபெல்ட்டும் இதற்கு நல்ல உதவி. அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது; தம்பி விரும்பும் கருப்பு இரும்பு அப்படியே இருக்கலாம். அக்கா தம்பி இருவர் ரசனையும் ஒரே கூடத்தில் சேருவதற்கு இது ஒரு வழி: சுவரோரம் உங்கள் மெத்தை பெஞ்ச், நடுவில் அவருடைய இரும்புக் கால் மேசை.

பார் கவுன்டர்

ஒருவருக்கு 60 செ.மீ. என்றால் 6 மீட்டரில் பத்து ஸ்டூல்தான் வரும். கை வைத்த ஸ்டூல் என்றால் இன்னும் குறையும். அதிலும் 1.5 மீட்டரை முழுதாகத் தாழ்த்தி, சாப்பாட்டு மேசை உயரத்திலேயே அமையுங்கள் என்பது என் வற்புறுத்தல். சக்கர நாற்காலியில் வருபவர் முட்டி நுழைய அடியில் 70 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். பல நாடுகளில் இது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும், ஒருவரை வாசலில் வரவேற்றுவிட்டு கவுன்டரின் விளிம்பை அவர் கண் உயரத்துக்கு வைப்பது நியாயமில்லை. மிச்சமுள்ள 4.5 மீட்டரில் ஏழு ஸ்டூல் தாராளமாக வரும். பன்னிரண்டை மறந்துவிடுங்கள்.

கவுன்டர் உயரம் 105 செ.மீ. என்றால் ஸ்டூல் 75. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: 65 செ.மீ. ஸ்டூல் 90 செ.மீ. கவுன்டருக்கானது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கவுன்டர் பலகை முன்னால் 25 முதல் 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால்தான் முட்டி இடிக்காது. கால் வைக்கும் குழாய் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பலகைக்கடியில் பை மாட்ட ஒரு கொக்கி. ஸ்டூலில் முதலில் தேய்வது கால் வைக்கும் கம்பிதான், செருப்பும் ஷூவும் உரசி சில மாதங்களிலேயே பவுடர் கோட்டிங் உரிந்து இரும்பு தெரியும். அந்த ஒரு கம்பிக்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போடச் சொல்லுங்கள்.

கூடம் முழுக்க உயர மேசை என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நீள உயர மேசை, நண்பர் கூட்டத்துக்கு, போதும்.

துணி, மெத்தை, மேசைப் பலகை

வெல்வெட்டுக்கு நான் தடை சொல்ல மாட்டேன், ஆனால் பாலியஸ்டர் வெல்வெட்டாக, கறை ஒட்டாத பதம் செய்ததாக வாங்குங்கள். துணி எத்தனை உரசலைத் தாங்கும் என்று அளக்க மார்ட்டின்டேல் சோதனை உண்டு. உணவக இருக்கைக்கு 40,000 உரசலுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். பூக்கிளேயின் சுருள்களில் மோதிரமும் ஜிப்பும் மாட்டி இழுக்கும், சிந்தியது உள்ளே போனால் வராது. ஆசையாக இருந்தால் பெஞ்சின் வெளிப்புற முதுகுக்கு மட்டும் போடுங்கள். உட்காரும் பக்கத்துக்கு நல்ல வினைல். தோல் மாதிரி தெரியும் மலிவான பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின் ஈரக் காற்றிலும் சானிடைசரிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். அதைத் தொடவே வேண்டாம்.

பெஞ்ச் செய்யும் தச்சரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே துணுக்குகளைத் துடைத்தெடுக்க இடைவெளி உண்டா? மெத்தையைத் தனியாகக் கழற்ற முடியுமா? தரையைத் தொடும் கடைசி 10 செ.மீ. எதனால் செய்யப்படுகிறது? பெஞ்ச் முதலில் சாவது அந்தப் பத்து செ.மீ.யில்தான். தினமும் இரவு தரை துடைக்கும் தண்ணீர் பிளைவுட்டில் ஏறி, அடிப்பகுதி உப்பி, துணி கறுத்துப் பிளக்கும். அங்கே ஸ்டீல் தகடோ கல்லோ போடுங்கள், கால் விரல் நுழையும்படி கொஞ்சம் உள்ளே தள்ளி.

மார்பிள் உறுதியானது என்று எழுதியிருக்கிறீர்கள். எடையைத் தாங்கும், எலுமிச்சையைத் தாங்காது. மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, வினிகர், வைன் எதில் அமிலம் இருந்தாலும் மேற்பரப்பைக் கரைத்து மங்கலான வட்டம் விழும். அது கறை இல்லை, அரிப்பு. மேலே பூசும் சீலர் கறையைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது. கவுன்டரின் செங்குத்தான முன்பக்கத்தில் மார்பிளைப் போடுங்கள், ஆசை தீரும். மேசைக்கு நல்ல தரமான லேமினேட்டோ கிரானைட்டோ போதும். லேமினேட்டில் கவனிக்க வேண்டியது பலகையின் விளிம்பு: ஒட்டிய பட்டையின் மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம்.

அப்புறம் மேசை ஆடுவது. காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்த மேசையில் உட்கார்ந்தவர் அந்த உணவகத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். கனமான வார்ப்பிரும்பு அடி, திருகி உயரம் மாற்றும் பாதங்கள், இரண்டையும் கட்டாயமாகக் கேளுங்கள். நான்கு காலும் சமமாக இருந்து தரைதான் மேடுபள்ளம் என்றால், சதுர மேசையை நின்ற இடத்திலேயே 90 டிகிரிக்குள் திருப்பிக்கொண்டே வந்தால் எங்காவது ஆடாமல் நிற்கும். கணிதத்தில் நிரூபித்தே இருக்கிறார்கள்.

வாரன்டியும் நகலும் முன்பணமும்

வீட்டு ஃபர்னிச்சர் கடையின் 5 வருட வாரன்டி உங்களுக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். சிறிய எழுத்தில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். வீட்டு நாற்காலியில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை உட்காருவார்கள்; உங்கள் இடத்தில் வேளைக்கு நாலைந்து பேர், ஒவ்வொருவரும் இழுப்பார், சாய்வார், பின்னங்கால்களில் நிற்க வைத்து ஆட்டுவார். பொது இட நாற்காலிக்கு இ.என். 16139, மேசைக்கு இ.என். 15372 என்று ஐரோப்பியத் தரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கோ அவற்றுக்கு இணையானதற்கோ சோதனைச் சான்று கேளுங்கள். மெத்தையும் துணியும் எளிதில் தீப்பிடிக்காது என்பதற்கான சான்று தனி. மேசையில் மெழுகுவர்த்தி வைக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தீயணைப்புத் துறையின் அனுமதியும் காப்பீடும் அந்தச் சான்றைப் பொறுத்திருக்கலாம்.

"அதே மாடல், பாதி விலை" விஷயத்தில் எல்லா நகலும் குற்றமில்லை. தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தது, அதன்பின் பல பட்டறைகள் அதே வளைவுகளைச் செய்தன. ஆனால் புதிய வடிவங்கள் அப்படியல்ல. பதிவுசெய்த வடிவமைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 25 வருடம் வரை, அமெரிக்காவில் 15 வருடம் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் 2016இல் சட்டம் மாறியபின், கலைப்படைப்பாகக் கருதப்படும் பழைய நாற்காலிகளுக்குக்கூட வடிவமைப்பாளர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை நீள்கிறது. "எங்களுக்குப் பிரச்சினை வந்ததே இல்லை" என்று சப்ளையர் சொல்வது அவர் அனுபவம். நாற்காலி உங்கள் கூடத்தில், உங்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே இருக்கும். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், நகலுக்குப் பதில் உள்ளூர்ப் பட்டறையின் சொந்த வடிவம் ஒன்றை வாங்குவேன். உடைந்தால் சரிசெய்ய ஆள் இருப்பார்.

முழுப் பணத்தையும் முதலில் கொடுக்காதீர்கள், யாருக்கும். முதலில் ஒரே ஒரு மாதிரி நாற்காலிக்குப் பணம் கட்டுங்கள். அதில் நீங்களும் தம்பியும் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்காருங்கள், சாப்பிட்டபடி. வீட்டில் வயதானவர் ஒருவரையும், குள்ளமானவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். திருப்தி என்றால் அந்த மாதிரியில் இருவரும் சப்ளையரும் கையெழுத்துப் போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கும் சரக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் கடைசித் தவணை. டெலிவரி தாமதமானால் என்ன கழிவு, உதிரிப் பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். 64க்கு நாலைந்து நாற்காலி கூடுதலாகவும், பெஞ்ச் துணியில் அதே சாயத் தொகுப்பிலிருந்து சில மீட்டர் கூடுதலாகவும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் என்று வாங்கினால் ஒரு சாயல் வேறாகத்தான் வரும்.